அழித்ததெல்லாம் அழிந்ததா? – செல்போன் கேள்வி பதில்

காரைக்குடி வாசகி: பழைய எஸ்.எம்.எஸ்.களை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து அழித்தேன். இரண்டு வாரம் கழித்துப் புது ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கி அதே ஜிமெயிலைப் போட்டால், அத்தனையும் வரிசையாகத் திரும்பி வந்து நிற்கின்றன. எங்கே ஒளிந்திருந்தன? அடியோடு அழிக்க வழி உண்டா?

கூகுள் பேக்கப்பில் இருந்தன. நீங்கள் அழித்தது ஃபோனில் இருந்த பிரதியை மட்டும். கூகுள் கணக்கில் உள்ள பிரதி, கடைசியாக என்றைக்கு பேக்கப் ஓடியதோ அன்றைய நிலவரத்தோடு அப்படியே இருக்கும். நீங்கள் அழித்த பிறகு பேக்கப் ஒரு முறை முழுதாக ஓடியிருந்தால் இந்தச் செய்திகள் திரும்பியிருக்காது. ஓடவில்லை. தானாக நடக்கும் பேக்கப்புக்கு ஃபோன் சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும், யாரும் நோண்டாமல் கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டும். வீட்டில் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவிலேயே ஓட்டுகிறவர்களுக்கு வாரக்கணக்கில் பேக்கப் நடக்காமல் இருப்பது சகஜம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. புது ஃபோனைத் தயார் செய்யும்போது எந்த ஃபோனின் பேக்கப் வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டும். பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்த பழைய ஃபோனில் உங்கள் ஜிமெயில் இன்னும் இருந்தால், அதன் பெயரும் அந்தப் பட்டியலில் வரும். ஒரு ஃபோனை 57 நாள் தொடாமல் வைத்தால்தான் அதன் பேக்கப்பை கூகுள் தானாக அழிக்கும். பிள்ளைகள் தினமும் கேம் ஆடினால் அது சாகாது.

இனி அடியோடு அழிக்கும் வரிசை. வரிசை முக்கியம், மாற்றினால் மறுபடி முளைக்கும்.

முதலில் எல்லா ஃபோனிலும் அழியுங்கள். கூகுள் மெசேஜஸ் செயலியில் ஓர் உரையாடலை விரலால் ஒதுக்கித் தள்ளினால் அது அழியாது. வழக்கமான அமைப்பில் அது 'ஆர்க்கைவ்' என்ற பரணுக்குப் போகும், அவ்வளவுதான். உரையாடலை அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட வேண்டும். அதற்கு முன் ஆர்க்கைவையும் ஒரு முறை திறந்து பாருங்கள், பலருக்கு அங்கே பாதி சரித்திரம் கிடக்கும். சாம்சங்கின் சொந்த மெசேஜஸ் செயலி என்றால் அழித்தவை 30 நாள் 'ட்ராஷ்' பகுதியில் காத்திருக்கும். மூன்று புள்ளியைத் தொட்டு, ட்ராஷைத் திறந்து, காலி செய்யுங்கள். மற்ற கம்பெனி ஃபோன்களிலும் மெனுவில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, கூகுள் ட்ரைவ் செயலியைத் திறந்து, இடது மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, 'பேக்கப்ஸ்' போங்கள். ஃபோன் வாரியாகப் பெயர் இருக்கும். வேண்டாத பெயருக்குப் பக்கத்து மூன்று புள்ளியில் 'டிலீட் பேக்கப்'. ஒன்றிரண்டு எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் அங்கிருந்து பொறுக்கி எடுக்க முடியாது. அழித்தால் அந்த ஃபோனின் கால் பட்டியல், ஆப் விவரங்கள், அமைப்புகள் எல்லாம் சேர்ந்தே போகும். அது கவலையாக இருந்தால் பேக்கப்பை அழிக்க வேண்டாம். ஃபோனில் செய்திகளை அழித்த கையோடு, செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் என்று போய் 'பேக்கப் நவ்' கொடுங்கள். பழைய நிலவரத்தின் மேல் புதிய நிலவரம் ஏறிவிடும். பெரும்பாலானோருக்கு இதுவே போதும்.

கடைசியாக, எஸ்.எம்.எஸ். பேக்கப் அண்ட் ரீஸ்டோர் மாதிரியான தனிச் செயலி எதையாவது எப்போதாவது போட்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். அது செய்திகளை எக்ஸ்.எம்.எல். கோப்பாக ஃபோனிலோ ட்ரைவிலோ எழுதி வைக்கும். நீங்களாகக் கடவுச்சொல் போடாவிட்டால், யார் திறந்தாலும் எண், தேதி, வாசகம் மூன்றும் வெறும் எழுத்தாகத் தெரியும். கூகுள் பேக்கப்பாவது பூட்டிய பெட்டி. இது கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி விரித்தே கிடக்கும்.

திருச்சி வாசகர்: ஐஃபோனில் அழித்த மெசேஜ் எத்தனை நாள் இருக்கும்? ஐபேடிலும் போய்விடுமா?

ஐ.ஓ.எஸ். 16 வந்த 2022 முதல், அழித்தவை 'ரீசென்ட்லி டிலீட்டட்' பகுதிக்குப் போகின்றன. அங்கே 30 நாள் இருக்கும், முழுதாக நீங்க 40 நாள் வரை ஆகலாம் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. மெசேஜஸ் முகப்பின் மேல் மூலையில் உள்ள எடிட் அல்லது ஃபில்டர்ஸ் வழியாக உள்ளே போய் அங்கேயும் டிலீட் கொடுத்தால்தான் உடனே போகும்.

ஐபேட் விஷயம் ஒரே ஒரு பொத்தானைப் பொறுத்தது: ஐகிளவுட் அமைப்பில் 'மெசேஜஸ்' இயக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் ஒரே தொகுப்பைத்தான் எல்லாக் கருவிகளும் பார்க்கின்றன. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் போகும். அணைந்திருந்தால் ஐபேடுக்குத் தனிப் பிரதி, அதைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு குறுக்கு விளைவு: மெசேஜஸ் இயக்கத்தில் இருக்கும்போது செய்திகள் இரவு நேர ஐகிளவுட் பேக்கப்பில் சேராது, ஏற்கெனவே அங்கே தனியாக இருப்பதால். அணைந்திருந்தால்தான் பேக்கப்புக்குள் போகும். ஆகவே பழைய பேக்கப்பில் செய்தி இருக்குமோ என்ற சந்தேகம் இரண்டாவது வகையினருக்குத்தான். அவர்கள் செட்டிங்ஸில் தங்கள் பெயரைத் தொட்டு, ஐகிளவுட், சேமிப்பிடம், பேக்கப்ஸ் என்று போய் அந்தக் கருவியின் பேக்கப்பை அழிக்கலாம். பேக்கப்பை அணைத்து மட்டும் வைத்தால் போதாது, பழைய பிரதியை ஆப்பிள் 180 நாள் வைத்திருக்கும்.

கம்ப்யூட்டரில் கேபிள் மாட்டி பேக்கப் எடுத்த பழக்கம் உள்ளவர்கள் ஐட்யூன்ஸ் அல்லது ஃபைண்டரில் 'மேனேஜ் பேக்கப்ஸ்' பட்டியலையும் பாருங்கள். அதற்குக் கெடு எதுவும் கிடையாது. ஹார்டு டிஸ்க் இருக்கும்வரை இருக்கும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்: வாட்ஸ்ஆப்பில் ஒரு சாட்டை முழுதாக அழித்தேன். வீட்டில் ஒருவர் வாட்ஸ்ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டதும் அது திரும்ப வந்துவிட்டது. எத்தனை இடத்தில்தான் இருக்கிறது? என் ஃபோனை அவர் அடிக்கடி எடுத்து ஆராய்கிறார்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் குறைந்தது மூன்று இடம்.

செயலிக்குள் இருப்பது ஒன்று, அதை அழித்துவிட்டீர்கள். இரண்டாவது, ஃபோனுக்குள்ளேயே இருக்கும் அன்றாடப் பிரதி. ஃபைல்ஸ் செயலியில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்ஆப், வாட்ஸ்ஆப், டேட்டாபேசஸ் என்று ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கிப் போனால் 'எம்.எஸ்.ஜி. ஸ்டோர்' என்று தொடங்கும் கோப்புகள் தெரியும். பெயரில் தேதி இல்லாதது சமீபத்தியது. மற்றவற்றின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் இருக்கும். தினமும் விடியற்காலை 2 மணிக்கு வாட்ஸ்ஆப் தானாக ஒன்றை எழுதும், அதிகபட்சம் 7 நாள் கோப்புகளை வைத்திருக்கும். திங்கட்கிழமை மத்தியானம் ஒரு சாட்டை அழித்தால், திங்கள் விடியற்காலையில் எழுதிய கோப்பில் அது இருக்கும். செவ்வாய்க் கோப்பில் இருக்காது. திங்கட்கிழமைக் கோப்பு சுழற்சியில் விழ ஒரு வாரம் ஆகும். உங்கள் வீட்டில் நடந்தது, நீங்கள் அழித்த பிறகு அடுத்த விடியற்காலை 2 மணி வருவதற்கு முன்பே செயலியை எடுத்துவிட்டு மறுபடி போட்டிருப்பார்கள். அல்லது மூன்றாவது இடத்திலிருந்து வந்திருக்கும்.

மூன்றாவது இடம் கூகுள் கணக்கில் உள்ள வாட்ஸ்ஆப் பேக்கப். நல்ல செய்தி, ஓர் எண்ணுக்கு ஒரு கணக்கில் ஒரே ஒரு பிரதிதான். புதிது ஏறினால் பழையது போகும், முந்தையதுக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே சாட்டை அழித்ததும் வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் திறந்து, பச்சை 'பேக்கப்' பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். ஃபோனில் உள்ள சமீபத்திய கோப்பும் கூகுள் பிரதியும் ஒரே அழுத்தில் புதுப்பிக்கப்படும். பிறகு அந்த டேட்டாபேசஸ் ஃபோல்டரில் தேதியோடு இருக்கும் பழைய கோப்புகளை மட்டும் அழியுங்கள். தேதியில்லாத கோப்பைத் தொடாதீர்கள், நாளைக்கு ஃபோன் கெட்டால் அது வேண்டும்.

கூகுள் பிரதியே வேண்டாம் என்பவர்கள் பேக்கப் இடைவெளியை 'நெவர்' என்று வைத்துவிட்டு, ட்ரைவ் செயலியின் பேக்கப்ஸ் பட்டியலில் வாட்ஸ்ஆப் வரியை அழிக்க வேண்டும். 'நெவர்' மட்டும் வைத்தால் பழைய பிரதி அங்கேயே கிடக்கும். 5 மாதம் புதுப்பிக்காமல் விட்டால் தானாக நீக்கப்படலாம் என்று வாட்ஸ்ஆப் சொல்கிறது. 5 மாதம் காத்திருப்பானேன்?

படங்கள் தனிக் கதை. சாட்டை அழிக்கும்போது, கேலரியில் உள்ள மீடியாவையும் அழிக்கவா என்று ஒரு டிக் கேட்கும். அதை எடுத்துவிட்டு அழித்தால் வாசகம் போகும், படமும் வாய்ஸ் பதிவும் மீடியா ஃபோல்டரில் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் வாட்ஸ்ஆப் படங்களுக்கும் பேக்கப் போட்டிருந்தால் அங்கேயும் ஒரு பிரதி. அங்கே அழித்தது 60 நாள் அதன் ட்ராஷில் இருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததால் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோனை இன்னொருவர் எடுத்து ஆராய்கிற வீட்டில், அழிப்பதைவிட முதலில் பார்க்க வேண்டியது வாட்ஸ்ஆப்பின் 'லிங்க்ட் டிவைசஸ்' (உங்கள் வாட்ஸ்ஆப்போடு இணைத்த கருவிகள்) பட்டியல். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் பெயர் அதில் இருந்தால், நீங்கள் அழிப்பதற்கு முன்பே எல்லாம் அங்கே படிக்கப்பட்டிருக்கும். அதைத் தொட்டு 'லாக் அவுட்' செய்யுங்கள். பிறகு சாட் பேக்கப் பக்கத்திலேயே உள்ள எண்ட்-டு-எண்ட் பாதுகாப்பை இயக்கி, ஒரு கடவுச்சொல் வையுங்கள். அதற்குப் பிறகு உங்கள் சிம்மை வேறு ஃபோனில் போட்டு ஓ.டி.பி. வாங்கினாலும் அந்தக் கடவுச்சொல் இல்லாமல் பேக்கப் திறக்காது. ஆனால் நீங்களே மறந்தாலும் அப்படித்தான், வாட்ஸ்ஆப் கம்பெனியால்கூட எடுத்துத் தர முடியாது.

நாகர்கோவில் வாசகர்: 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தால் எதிராளி படிக்கவே முடியாதா?

அனுப்பி இரண்டு நாள் 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால் சாட்டிலிருந்து நீங்கும், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற அடையாளம் நிற்கும். படிக்க முடியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' என்ற வசதி இருக்கிறது. எதிராளி அதை இயக்கி வைத்திருந்தால், வந்த அறிவிப்பின் வாசகம் 24 மணி நேரம் அங்கே இருக்கும். நடுராத்திரி 2 மணியைத் தாண்டிவிட்டால் அவருடைய அன்றாடக் கோப்பிலும் ஏறியிருக்கும். சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸுக்கு இந்த வசதியே கிடையாது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்புதான்.

வேலூர் வாசகர்: கை தவறி ஒரு முக்கியமான எஸ்.எம்.எஸ்.ஸை அழித்துவிட்டேன். மீட்டுத் தரும் செயலிகள் பிளே ஸ்டோரில் நிறைய இருக்கின்றனவே, எது நல்லது?

எதுவும் போட வேண்டாம். காரணம் இதுதான். ஆண்ட்ராய்டில் எஸ்.எம்.எஸ். எல்லாம் ஓர் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. ஒரு செய்தியை அழிப்பது பட்டாவில் பெயரை நீக்குவது மாதிரி. நிலம் அங்கேயே கிடக்கும், இந்த இடம் காலி என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த செய்தி வந்து குடியேறும்வரை பழைய எழுத்து உள்ளே இருக்கலாம். தடயவியல் ஆய்வகங்கள் மீட்பது இந்த மிச்சத்தைத்தான். ஆனால் அழித்த இடத்தை உடனே பூஜ்யத்தால் நிரப்பும் அமைப்பும் எஸ்.க்யூ.லைட்டில் உண்டு, அது இயங்கினால் மிச்சமே இருக்காது. எப்படியானாலும் அந்தக் கோப்பு இருக்கும் இடத்துக்குள் சாதாரணச் செயலி எதுவும் நுழைய முடியாது, ரூட் செய்த, அதாவது கம்பெனி போட்ட கட்டுப்பாடுகளை நீக்கிய ஃபோனில்தான் முடியும். ரூட் செய்யப் பூட்லோடரை (ஃபோனை இயக்கித் தொடங்கும் மென்பொருளின் பூட்டை) திறந்தாலே ஃபோன் மொத்தமும் அழிந்துவிடும். ஆகவே அந்தச் செயலிகள் உங்களிடம் எஸ்.எம்.எஸ். அனுமதி கேட்டு வாங்கி, ஏற்கெனவே இருக்கிற செய்திகளைத்தான் படிக்கும். வங்கி ஓ.டி.பி.யும் அதில் அடக்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உடனே ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இன்று இரவு பேக்கப் ஓடினால் அழித்த நிலவரம் பழையதின் மேல் ஏறிவிடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பேக்கப் ஓடக்கூடாது என்று செட்டிங்ஸில் பேக்கப்பையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் கூகுளில் இருக்கும் பிரதியும் நீக்கப்படும். கிணற்றைத் தூர்த்துவிட்டு வாளி தேடுகிற கதை. அதைத் தொடாமல் நெட்டை மட்டும் துண்டியுங்கள்.

பிறகு வேறொரு ஃபோனை, வீட்டில் உதிரியாக இருப்பது போதும், ரீசெட் செய்து உங்கள் ஜிமெயிலைப் போட்டு, அமைக்கும்போது உங்கள் ஃபோனின் பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். கடைசி பேக்கப் தேதி அங்கேயே தெரியும். அது நீங்கள் அழித்த நேரத்துக்கு முந்தையதாக இருந்தால் வாய்ப்பு உண்டு. உங்கள் ஃபோனின் திரைப் பூட்டு எண்ணையும் கேட்கும். உதிரி ஃபோனின் ஆண்ட்ராய்டு பதிப்பு உங்களுடையதைவிடப் பழையதாக இருந்தால் அந்த பேக்கப்பை ஏற்காது. செய்தி கிடைத்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உதிரி ஃபோனை மறுபடி ரீசெட் செய்துவிடுங்கள்.

அது வங்கி எஸ்.எம்.எஸ். என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம், ஸ்டேட்மென்டில் பதிவு இருக்கும்.

மதுரை வாசகி: பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறேன். ரீசெட் செய்தால் போதுமா, செய்திகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டுமா?

ஒவ்வொன்றாக அழிப்பது வீண் வேலை, ஐஃபோனில் ஆபத்தும்கூட. ஐகிளவுடில் நுழைந்த நிலையிலேயே செய்தி, கான்டாக்ட் என்று கையால் அழித்துக்கொண்டு போனால், புது ஃபோனிலும் அவை மறையும்.

ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த ஃபோன்கள் எல்லாமே உள்ளிருப்பதைக் குறியாக்கம் (என்க்ரிப்ட்) செய்து, அதாவது பூட்டுப் போட்ட மாதிரி மாற்றித்தான் சேமிக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் அந்தப் பூட்டின் சாவியை அழிக்கிறது. சாவி இல்லாமல் மெமரி சிப்பைக் கழற்றிப் படித்தாலும் குப்பைதான் வரும். 2015, 2016 வாக்கில் வாங்கிய ஃபோன் என்றால், செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் 'என்க்ரிப்ட்' செய்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் அதை ஓடவிட்டு, பிறகு ரீசெட்.

ரீசெட்டுக்கு முன் மெமரி கார்டைக் கழற்றுங்கள், அதில் உள்ளவை குறியாக்கம் இல்லாமல்தான் பெரும்பாலும் இருக்கும். சிம்மைக் கழற்றுங்கள். ஜிமெயில் கணக்கை நீக்குங்கள், ஐஃபோனில் 'ஃபைண்ட் மை' அணையுங்கள். இல்லாவிட்டால் வாங்குபவருக்குப் பூட்டு விழுந்து உங்களைத் தேடி வருவார். ரீசெட் முடிந்த பிறகும் அந்த ஃபோனின் பேக்கப் உங்கள் ட்ரைவில் இருக்கும். புது ஃபோன் சரியாக அமைந்ததும் அதை அழித்துவிடலாம்.

தூத்துக்குடி வாசகி: ஒருவர் தொடர்ந்து மிரட்டி மெசேஜ் அனுப்புகிறார். பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. புகார் கொடுப்பதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அழித்துவிடலாமா?

கூடாது. ஸ்க்ரீன்ஷாட் ஒரு படம், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல இடம் கொடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் எண்) அதில் எழுத வேண்டும். அதற்கு மூலச் செய்தி உள்ள ஃபோன் இருந்தால்தான் வேலை சுலபம். பழைய சட்டத்தில் 65பி என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான்.

கண்ணில் படாமல் இருக்க, அந்த சாட்டை ம்யூட் செய்து ஆர்க்கைவில் தள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் 'ரிப்போர்ட்' கொடுக்கும்போது சாட்டையும் அழிக்கும் டிக் ஒன்று கூடவே வந்தால், மறக்காமல் எடுத்துவிடுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் ஒரு பிரதியை உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். எதிராளியின் எண் தெரியும்படி அவருடைய ப்ரொஃபைல் பக்கத்தையும் படம் பிடியுங்கள், பின்னால் பெயரையும் படத்தையும் மாற்றிவிடுவார்கள். செய்திகளைக் குறித்த கெடுவில் தானாக மறைக்கும் 'டிஸ்அப்பியரிங் மெசேஜஸ்' வசதியை யார் இயக்கி வைத்திருந்தாலும் உடனே அணையுங்கள். ஏற்கெனவே வந்தவை அதற்குரிய கெடுவில் மறையும் என்பதால் அவற்றை முதலில் பதிவு செய்யுங்கள்.

பணம் பறிபோன விஷயம் என்றால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே ஃபோன் செய்யுங்கள், வங்கியின் எஸ்.எம்.எஸ்.ஸைப் பத்திரமாக வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஆணைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. அந்த நாள் கணக்கு தொடங்குவது அந்த எஸ்.எம்.எஸ்.ஸில்தான்.

தஞ்சாவூர் வாசகர்: நான் அழித்தாலும் சிம் கம்பெனியிடம் எஸ்.எம்.எஸ். இருக்குமாமே?

யாருக்கு, எப்போது என்ற பதிவு இருக்கும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தி, இந்த அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைக்கச் சொன்னது. அதில் செய்தியின் வாசகம் கிடையாது.

புதுக்கோட்டை வாசகர்: ஓ.டி.பி. குவிகிறது. தினமும் அழித்துக் கை வலிக்கிறது.

கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் 'மெசேஜ் ஆர்கனைசேஷன்' திறந்து, ஓ.டி.பி.களை 24 மணி நேரத்தில் தானாக அழிக்கும் பொத்தானை இயக்குங்கள். 2021இல் இந்திய ஃபோன்களுக்கு வந்த வசதி. விளம்பரச் செய்திகளையும் சேர்த்துக் கழிக்க நினைத்தால் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 'பி' (P) என்றால் விளம்பரம், கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். 'டி' (T) பரிவர்த்தனை, 'எஸ்' (S) சேவை, 'ஜி' (G) அரசு. வங்கியிலிருந்து வரும் 'டி', 'எஸ்' செய்திகளை மட்டும் வருமான வரிக் கணக்கு முடியும்வரை விட்டுவையுங்கள். பழைய பட்டன் ஃபோனிலிருந்து மாறியவர் என்றால் சிம்முக்குள்ளேயே ஒரு பிடி எஸ்.எம்.எஸ். தங்கியிருக்கும், அது எந்த பேக்கப்பிலும் சேராது, எந்த ரீசெட்டிலும் போகாது. அந்தச் சிம்மைப் பட்டன் ஃபோனில் ஒரு முறை மாட்டி, இன்பாக்ஸில் சிம் மெமரியைத் தேர்ந்து அழித்துவிட்டு எடுங்கள்.